இடது இடுப்பில் கிடந்த காசு

ராணியம்மாளுக்கு மலத்தைக் கண்டு அருவருப்பு கிடையாது. சீழைக் கண்டும் கிடையாது. அடுத்தவர் உடம்பிலிருந்து வருவதையெல்லாம் வருஷக்கணக்காகத் துடைத்து, நிறம் பார்த்து, நாற்றம் பார்த்து, டாக்டருக்குச் சொல்லி வந்தவள். "அதெல்லாம் ரெண்டு வாளி தண்ணியில போயிடும்" என்பாள். தண்ணீரில் போகாத அழுக்கும் உண்டு. அதைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்த வீட்டில் பிறந்தவள். கட்டிக்கொண்டவன் லாரி கிளீனர். இரண்டு வருஷம் குடும்பம் நடத்தினான். பிறகு வந்தவாசிப் பக்கம் இன்னொருத்தியோடு இருப்பதாகச் சேதி வந்தது. ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் போய் ஆயா வேலைக்கு நின்றாள். அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். சுருக்கம் விழாமல் படுக்கை விரிப்பது, இரண்டு மணிக்கு ஒரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, எனிமா கொடுப்பது. இருபது வருஷம் அந்த வார்டுகளிலேயே ஓடிற்று. முழங்கால் மாடிப்படி ஏற மறுத்த பிறகு, எண்பத்தொன்பதில் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்த ஊரில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. மலையைச் சுற்றிவரக் கால் உள்ளவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கால் விழுந்துபோனவர்கள் அவரவர் வீட்டுப் பின்அறையில் கிடந்தார்கள்.

வேலை வருவது ஒரு டாக்டரின் கிளினிக் மூலமாக. கம்பவுண்டர் சொல்வார், வீட்டார் வந்து கூப்பிடுவார்கள். படுக்கையறை வரைக்கும், பீரோ இருக்கும் அறை வரைக்கும் போகிற வேலை. அதனால் ராணியம்மாள் தனக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கையில் ஒரே ஒரு துணிப்பை. சாயங்காலம் கிளம்பும்போது அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, பையின் வாயை அகலத் திறந்து காட்டிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். யாரும் கேட்டதில்லை. கேட்கிற நாள் வரவே கூடாது என்றுதான் காட்டினாள்.

தொண்ணூற்றேழில் வேங்கிக்கால் குமரேசன் வீட்டு வேலை வந்தது.

குமரேசனுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைல்ஸ் கடை. வாஷ்பேசின், குழாய், கக்கூஸ் பீங்கான் எல்லாம் அங்கே வாங்கலாம். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக மாடி வீடு கட்டியிருந்தான். பார்க்கிறவர் முகம் தெரிகிற மாதிரி தரை. அப்பா இருசப்பனை அடி அண்ணாமலையிலிருந்து கொண்டுவந்து, மோட்டார் ரூமை ஒட்டின ஒரு சின்ன அறையில் போட்டிருந்தார்கள். எழுபத்தெட்டு வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி போய்விட்டது. அந்த அறையில் மட்டும் டைல்ஸ் இல்லை, சிமெண்டுத் தரை.

முதல் நாள் ராணியம்மாள் உள்ளே போனபோது அறைக்குள் மூன்று ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கிழவரின் கீழே ரப்பர் ஷீட்டு கூட இல்லை. மூத்திரம் பஞ்சு மெத்தையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, மஞ்சள் வளையம் வளையமாகக் கிடந்தது. மருமகள் சந்திரகலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"எப்பலேர்ந்து இப்பிடி இருக்கார்?"

"பத்து நாளா நர்ஸம்மா. இவரு தொடவே மாட்டேங்கறாரு. எனக்குக் கொமட்டுது."

"மூணு ஊதுவத்தி ஏத்தத் தெரிஞ்சிது. ஒரு பக்கெட் தண்ணி எடுத்தாரத் தெரியல. சுடுதண்ணி வைங்க, போங்க."

கக்கூஸ் பீங்கான் விற்றுப் பணக்காரனான மகன் அப்பனுடைய பெட்பேனைக் கண்டு ஓடுகிறான் என்று நினைத்தபோது ராணியம்மாளுக்குச் சிரிப்புக்குப் பதில் ஏப்பம்தான் வந்தது.

துணியை விலக்கியதும் இடுப்பில் அரைஞாண்கயிறு. எத்தனை வருஷத்துக் கயிறோ, வியர்வை ஏறி விறைத்துப்போயிருந்தது. அதில், இடது இடுப்பெலும்பின் மேல், கறுப்பாக ஒரு வட்டம். நாலணாக் காசை விடக் கொஞ்சம் சின்னது. மஞ்சளும் அழுக்கும் உடம்பெண்ணெயும் ஏறி அடை அடையாகக் கிடந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டதால் எப்போதும் இடது பக்கமாகவே படுக்கவைத்திருந்தார்கள். அந்த வட்டம் சதைக்குள் அழுந்தி, கீழே தண்ணீர் கசிகிற புண்.

"அந்தக் கருமத்த அறுத்துத் தூக்கிப் போடுங்க" என்றாள் சந்திரகலா வாசலிலிருந்தே.

இருசப்பனின் இடது கை சடாரென்று வந்து அந்த வட்டத்தை மூடிக்கொண்டது. "ஆ... த்தா" என்றார். கண்ணில் தண்ணீர்.

உயிரோடு இருக்கும் ஆணின் இடுப்பிலிருந்து கயிற்றை அறுத்து வெறும் இடுப்பாக விடுவதில்லை. அப்படி அறுப்பது பிணத்துக்கு. ராணியம்மாளுக்கு அது தெரியும். கடையிலிருந்து புதுக் கயிறு வாங்கிவரச் செய்து, கிழவர் கண் முன்னால் காட்டி, முதலில் அதைக் கட்டினாள். பிறகுதான் பழையதை அறுத்தாள்.

"பெரியவரே, இத நான் தூக்கிப் போடல. கழுவி உங்க கையிலயே குடுக்கறேன். புண்ணு ஆறட்டும். சரியா?"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை எடுத்தார்.

காசை ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டாள். காலையில் தண்ணீர் கறுத்திருந்தது. மாற்றினாள். மூன்று நாள் மாற்றினாள். "புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சா ஒரே நிமிஷத்துல பளிச்சுனு ஆயிடும்" என்றாள் சந்திரகலா. "புண்ணு மேல இருந்த சாமான். அழுக்கு போனா போதும். பளபளப்ப வெச்சி நான் என்ன பண்றது?" என்றாள் ராணியம்மாள். அவளுக்கு வேறு யோசனை ஒன்றும் அப்போது இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்ல எடுத்ததும் கருஞ்சாம்பல் நிறத்தில் வெள்ளி தெரிந்தது. ஒரு பக்கம், கழுத்து தடித்த ஒரு ஆணின் முகம், வலது பக்கம் பார்த்தபடி. தலையில் இலை மாதிரி ஏதோ. கன்னத்தின் குறுக்கே உளியால் போட்ட மாதிரி ஒரு வெட்டு. தலைக்கு மேல் ஒரு ஓட்டை, அதில் செம்புக் கம்பி வளையம். விளிம்பில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. மறு பக்கம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவள் கையில் ஒரு கிளை.

இருசப்பன் சொன்ன கதையை அவள் பத்து நாளில் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தாள். பதினாறு வயதில் அடி அண்ணாமலைக் கொல்லையில் ஏர் ஓட்டும்போது கொழு முனையில் கிளம்பி வந்த காசு. அடுத்த வாரமே ஊரில் வைசூரி. தம்பி போனான், தங்கச்சி போனாள். இவர் பிழைத்தார். அவருடைய அம்மா அந்தக் காசைப் பார்த்து, உட்கார்ந்திருப்பது மாரியாத்தா, கையில் இருப்பது வேப்பிலை என்று கண்டுபிடித்தாள். ஓட்டை போடச் சொல்லி இடுப்பில் கட்டினாள். ஆத்தா உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தை உள்புறமாகவே வைத்து, அறுபத்திரண்டு வருஷம்.

ராணியம்மாள் அதை வைத்துக் கண்ணைக் கசக்கவில்லை. வேலைக்கு ஆகும் என்று பார்த்தாள். விழுந்துபோன வலது கையில் காசை வைத்து, "ஆத்தா முகத்தத் தடவுங்க பார்க்கலாம்" என்பாள். ரப்பர் பந்து கொடுத்தால் ஏறெடுத்தும் பார்க்காத மனிதர், இதற்காக மூச்சைப் பிடித்துக் கட்டைவிரலை நகர்த்தினார். ஒரு மாதத்தில் விரல்கள் மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. புண்ணும் ஆறிற்று. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டத் தழும்பு மிச்சம்.

எதிர் வீட்டில் புகழேந்தி என்று ஒரு சரித்திர வாத்தியார். பிரஷர்காரர். வாரம் ஒரு தரம் ராணியம்மாளிடம் வந்து கையை நீட்டுவார். அன்றைக்கும் வந்தவர், கிழவரின் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டார். பிரஷர் பார்ப்பதை மறந்துவிட்டார்.

"பெரியவரே, ஒரு நிமிஷம் குடுங்க. நர்ஸம்மா, ஜன்னலைத் திறங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"கிங் ஜார்ஜா சார்?" என்றாள் ராணியம்மாள்.

"ஜார்ஜுக்குக் கிரீடம் இருக்கும். இவன் தலையில பாருங்க, இலை மாலை. வட்டமும் சரியா இல்ல. மிஷின்ல அடிச்ச காசு இல்ல இது. அச்சு வெச்சி சுத்தியால அடிச்சது. அதான் ஓரத்துல வெடிச்சிருக்கு. உங்க கண்ணு நல்லா இருக்கும், ஓரத்துல இங்க என்ன எழுத்து?"

மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண். ராணியம்மாள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "சி. ஏ. இ. எஸ். ஏ. அப்புறம் தேஞ்சிருக்கு. இந்தப் பக்கம் ஏ, வி, ஜி."

"சீசர்! அந்த 'வி'ய 'யு'ன்னு படிக்கணும், அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. ஆகஸ்டஸ்னு பட்டம். இந்த ஆரம்பத்துல டி, ஐ தெரியுதா? டைபீரியஸ். பின்பக்கம் 'மேக்சிம்'னு இருக்கா பாருங்க. இருக்கு! ரோமாபுரி ராஜா காசு நர்ஸம்மா. தினாரியஸ். மிளகு வாங்க வந்த யவனன் கொண்டாந்தது. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம்!"

"கன்னத்துல வெட்டு?"

"உள்ளேயும் வெள்ளிதானான்னு நம்மாளுங்க வெட்டிப் பார்த்ததுன்னு சிலர் சொல்றாங்க. நிச்சயமாத் தெரியாது." கிழவரைப் பார்த்து, "ஐயா, இதுல ஒக்காந்திருக்கறது..." என்று ஆரம்பித்தார்.

"அது உங்க நோட்டுல இருக்கட்டும் சார்" என்று ராணியம்மாள் வெட்டினாள். "அவருக்கு அது மாரியாத்தா. அவ பேரச் சொல்லித்தான் கஞ்சி குடிக்கறார்."

வாத்தியார் நோட்டிலிருந்து மெல்லிய காகிதம் கிழித்து, காசின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து இரண்டு பக்கத்தையும் படி எடுத்துக்கொண்டார். ஓட்டை, வெட்டு, சில்லு எல்லாம் அப்படியே விழுந்தது. "ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இத மெருகு போடக் கூடாது. எழுத்து போச்சுன்னா இது வெறும் வெள்ளித் துண்டு."

"அத என்கிட்ட சொல்லாதீங்க. வாங்க, அவர் பையன்கிட்ட சொல்லுங்க" என்று அப்போதே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். தான் மட்டும் தெரிந்து வைத்திருக்கும் விஷயம் ஒன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

குமரேசன் கேட்டான். "ரெண்டாயிரம் வருஷமா?" என்று எழுந்தான். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அப்பாவின் அறைக்குள் கட்டில் வரைக்கும் வந்தான். கர்ச்சீப்பை மட்டும் மூக்கிலிருந்து எடுக்கவில்லை. வாத்தியார் மெருகு விஷயம் சொன்னதும், மண்ணில் கிடைத்த பழங்காசைத் தாசில்தாருக்குத் தெரிவிப்பது நல்லது என்று சொன்னதும் அவன் காதில் ஏறின மாதிரி தெரியவில்லை.

இரண்டாம் நாள் மகள் வினோதினி கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து சேர்ந்தாள். நைனா விழுந்து ஒன்றரை மாதத்தில் ஒரு தரம் வந்து வாசலோடு போனவள். மெல்லப் பல் இல்லாத மனிதருக்கு ஒரு கிலோ ஆப்பிள். புடவையில் சென்ட்டு. ஊதுவத்தியும் சென்ட்டும் சேர்ந்து அறையில் சவ வீட்டு நாற்றம் அடித்தது.

"நைனா, காசு பொண்ணுக்குன்னு நீங்க அப்பவே சொன்னீங்க இல்ல? சொல்லுங்க நைனா."

"எப்பச் சொன்னாரு? உனக்குத்தான் அஞ்சு சவரன் போட்டாச்சே" என்றான் குமரேசன்.

"நிலத்த நீதான வித்த!"

கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் கிழவருக்குப் பேதி ஆகியிருந்தது. நாற்றம் கிளம்பியதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தாமலே ஆளுக்கு ஒரு அடி பின்னால் போனார்கள். அவ்வளவுதான். ராணியம்மாள் நடுவில் புகுந்து துணி மாற்றினாள். அவள் கையில் இருந்ததை விட, தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்த பேச்சுத்தான் நாறியது.

கடைசியில் குமரேசன் ஜெயித்தான். கிழவரின் வலது கையில் காசு இருந்தது. ஒரு மாதம் மூச்சைப் பிடித்துப் பிடிக்கக் கற்ற விரல்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

"வெச்சிட்டுப் போங்க தம்பி. அது அவருக்கு எக்சர்சைஸ்."

"ரெண்டு ரூபா காசு ஒண்ணு குடுங்க. அவருக்கு என்ன தெரியப் போவுது?"

இரண்டு ரூபாய்க் காசைக் கொடுத்துப் பார்த்தாள். விரல் ஒரு தரம் தடவிற்று. கீழே போட்டுவிட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து கிழவர் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை.

அடுத்த பத்து நாளில் நடந்தது ராணியம்மாளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. எந்த வெள்ளிச் சாமானாக இருந்தாலும் வெளியே காட்டுமுன் ஆசாரியிடம் கொடுத்து மெருகு போடுவது சந்திரகலாவின் வீட்டு வழக்கம். கொலுசு, குங்குமச்சிமிழ் மாதிரி இதையும் தேரடித் தெருவுக்கு எடுத்துப் போனாள். அழுக்கு மூஞ்சியோடு ஒரு பொருளை விற்க எடுத்துப் போவார்களா? ஆசாரி அமிலத்தில் முக்கி, சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரி கொடுத்தார். குமரேசன் அதை வெல்வெட்டுப் பெட்டியில் வைத்துச் சென்னைக்குப் போனான். பழங்காசு வியாபாரி ஒருவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "எந்தப் பட்டறையில செஞ்சீங்க?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் திரும்பி வந்த மறுநாள் பௌர்ணமி. காலையிலேயே வேங்கிக்கால் ரோட்டில் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ராணியம்மாள் உள்ளே நுழையும்போது குமரேசன், சந்திரகலா, வினோதினி மூன்று பேரும் ஹாலில் நின்றார்கள். அண்ணனும் தங்கையும் ஒன்றாகி இருந்தார்கள்.

"நர்ஸம்மா, நல்ல காச எங்க வெச்சிருக்கீங்க?"

"எந்தக் காசு?"

"எங்க நைனா இடுப்புல இருந்தது கறுப்பு. நீங்க மூணு நாள் கிண்ணத்துல வெச்சிருந்தீங்க. நீங்க குடுத்தது டூப்ளிகேட்டு. மெட்ராஸ்ல மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டான்."

"மெருகு போட்டீங்களா?"

"மெருகு போட்டா நல்ல பொருள் கெட்டுப் போவுமா? பளபளன்னுதான் ஆவும். ஏமாத்தாதீங்க" என்றாள் வினோதினி. "அன்னாடம் பையத் தொறந்து காட்டறது நடிப்பு. இடுப்புல சொருவினா யாருக்குத் தெரியும்?"

"கிளினிக்குக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றான் குமரேசன்.

ராணியம்மாள் போன் இருந்த பக்கம் பார்த்தாள். கிளினிக் கம்பவுண்டருக்கு ஒரு வார்த்தை போனால் போதும். இந்த ஊரில் எந்த வீட்டு அறைக்குள்ளும் இனி அவளை விடமாட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் அவளிடம் இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சரி. காச மாத்திட்டேன்னு சொல்றீங்க. பழைய காசு உங்களுக்கு நல்லாத் தெரியும்போல. அது எந்தப் பக்க இடுப்புல இருந்தது தம்பி?"

குமரேசன் விழித்தான். "வலது பக்கம்."

"நீங்க சொல்லும்மா."

வினோதினி, "முன்னாடி. தொப்புளுக்குக் கீழ" என்றாள்.

"வாத்தியாரக் கூப்பிடுங்க. அந்தக் காசையும் எடுத்துக்கிட்டு எல்லாரும் அறைக்கு வாங்க."

புகழேந்தி பென்சில் படியோடு வந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் சுருங்கிற்று. பளபளவென்று ஒரு வட்டம். ராஜாவுக்கு மூக்கு இல்லை. எழுத்து இல்லை. மறு பக்கம் நாற்காலியும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரு மேடு மட்டும். காகிதத்தை வைத்துப் பார்த்தார். "வெட்டு அதே இடத்துல இருக்கு. சில்லும் இருக்கு. ஆனா..."

"ஓட்டை எங்க சார்?" குமரேசன் தாவினான். "உங்க படியில ஓட்டை இருக்கு, இதுல இல்ல. அதான் சொல்றேன், மாத்திட்டாங்க!"

வாத்தியார் தடுமாறினார். சந்திரகலா ஜன்னலைப் பார்த்தாள்.

"காகிதம் இருக்கட்டும்" என்றாள் ராணியம்மாள். "அந்தக் காசு ஒடம்புல அச்சுப் போட்டுட்டுத்தான் வந்தது. தம்பி, போர்வைய எடுங்க."

"நானா?"

"நான் எடுத்தா அதுலயும் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்வீங்க. உங்க நைனா. எடுங்க. இடது பக்கம்."

குமரேசன் இரண்டு விரலால் போர்வையின் நுனியைப் பிடித்தான். காலையில் இன்னும் துடைத்திருக்கவில்லை. அவள் வந்ததே அப்போதுதான். ராத்திரி முழுக்க அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தூங்கி எழுந்திருந்தார்கள், ஒருவரும் வந்து பார்த்திருக்கவில்லை. போர்வை விலகியதும் வினோதினி "ஐயோ" என்று வெளியே ஓடினாள்.

"காச அந்தத் தழும்பு மேல வைங்க."

அவன் கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தான். "பார்த்து வைங்க" என்றாள் அவள். பார்த்தான். கறுத்த வட்டம் முழுசாக இல்லை, ஒரு இடத்தில் அறுந்திருந்தது. காசைத் திருப்பி, விளிம்புச் சில்லு அந்த அறுந்த இடத்துக்கு வந்ததும் தழும்புக்குள் சரியாக உட்கார்ந்தது. வாத்தியார் குனிந்து லென்ஸால் பார்த்து, "பொருந்துது" என்றார். குமரேசன் வாசலுக்குப் போய், பார்க்கிறவர் முகம் தெரிகிற அந்தத் தரையில் வாந்தி எடுத்தான்.

ராணியம்மாள் காசை எடுத்துத் துடைத்து, கிழவரின் வலது கையில் வைத்தாள். விரல்கள் மூடின. கட்டைவிரல் தடவியது. நின்றது. மறுபடி தடவியது.

"இ... ல்ல" என்றார் இருசப்பன்.

"பார்த்தீங்களா! நைனாவே சொல்லிட்டாரு!" என்றாள் வினோதினி வெளியிலிருந்து.

ராணியம்மாள் கிழவரின் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் விளிம்புக்குப் போயிற்று. சில்லு பெயர்ந்த இடத்தில் நகம் மாட்டிற்று. திருப்பி, வெட்டைத் தேடிக் கண்டுபிடித்தது. மறுபடி அந்தப் பெண் இருந்த பக்கத்துக்கு வந்து, வழவழப்பில் மேலும் கீழும் போய்வந்தது. கிழவரின் வாய் கோணிற்று. இத்தனை நாளில் அவர் ஒரு முழு வாக்கியம் பேசியது அப்போதுதான்.

"ஆத்தாவ... வழிச்சிட்டானுங்க."

சந்திரகலா சுவரில் சாய்ந்தாள். "ஓட்டையையும் நான்தான் அடைக்கச் சொன்னேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஓட்டைக் காசுக்கு மதிப்பு கம்மின்னு ஆசாரி சொன்னாரு. வெள்ளி வெச்சி அடைச்சாரு. இவருகிட்ட சொல்லல."

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குமரேசன் முகம் கழுவிக்கொண்டு வந்து, "சரி விடுங்க நர்ஸம்மா. தப்பா நெனச்சிட்டோம்" என்றான், சில்லறை கொடுக்கிற மாதிரி.

"விடமாட்டேன். கிளினிக்குக்குப் போன் போடுங்க. என் முன்னாடி சொல்லுங்க, நாங்கதான் காசக் கெடுத்தோம், ராணியம்மா எடுக்கலன்னு. அதே வார்த்தை."

போட்டான். சொன்னான். கம்பவுண்டரிடம் கொடுக்கச் சொல்லி அவளும் ரிசீவரை வாங்கி, "கேட்டீங்களா? ரைட்டு" என்றாள். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கிழவரைத் துடைத்தாள். வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இந்த மூன்று பேரிடம் அவரை விட்டுப் போவதை நினைத்தபோது, இருப்பதே குறைந்த அசிங்கமாகப் பட்டது.

செல்லாத காசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஓட்டை இல்லாததால் கயிற்றில் கோர்க்க முடியாது. ஒரு சின்னத் துணிப்பையில் வைத்துத் தைத்து, கிழவரின் அரைஞாணில், இடது பக்கம், எலும்பு படாத இடமாகப் பார்த்துக் கட்டினாள். இரண்டு நாளுக்கு ஒரு முறை அவிழ்த்துத் துவைத்தாள். அவர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தடவச் சொன்னால் மட்டும் மாட்டார். கை மறுபடி விழுந்துவிட்டது. கஞ்சி மட்டும் குடித்தார், அதுவும் அவள் கொடுத்தால்.

மார்கழி முடிவதற்குள் போய்விட்டார். காலை ஏழு மணிக்கு ராணியம்மாள் வந்தபோது உடம்பு விறைத்திருந்தது. கண்ணை மூடி, தாடையைக் கட்டி, துடைத்துச் சுத்தம் செய்தாள். தெருவில் பறை வந்துவிட்டது. சொந்தங்கள் ஹாலில் நிறைந்துவிட்டார்கள். வினோதினி குரலெடுத்து அழுதுகொண்டிருந்தாள். இடையில் மூக்கைச் சிந்திவிட்டு அண்ணன் காதில் ஏதோ சொன்னாள்.

குளிப்பாட்டுமுன் அரைஞாணை அறுக்க வேண்டும். பங்காளிக் கிழவர் ஒருவர் பிளேடை நீட்டினார். குமரேசன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். இந்தத் தடவை கையில் கர்ச்சீப் இல்லை.

"மெருகு போட்டதா இருந்தாலும் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரங்க யாராவது வாங்குவாங்களாம்" என்றான் மெல்ல. "இடுப்புலதான இருக்கு?"

"இடுப்புலதான் இருக்கு" என்றாள் ராணியம்மாள்.

அவன் குனிந்து, போர்வைக்குள் கையை விட்டு, முதலில் வலது பக்கம் தடவினான்.

ராணியம்மாள் கதவைத் திறந்தாள். பின்கட்டுக் குழாயடிக்குப் போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, இரண்டு தரம் கழுவினாள்.